கெயின் திருகுறது வால்யூம் இல்லடா சாமி

காருக்கு ஆம்ப் (பாட்டுச் சத்தத்தப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) மாட்டித் தர்றோம்னு போர்டு வச்சிருக்கிற கடைகள்ல எத்தனை கடையில வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் இருக்குன்னு யாராச்சும் எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் போன கடையில இல்ல. ஸ்க்ரூட்ரைவர் இருக்கு, இன்சுலேஷன் டேப் இருக்கு, பல்லு இருக்கு. ஆமா பல்லுதான், ஒயர் சீவுனதே பல்லாலதான்.

பழைய ஸ்விஃப்ட். 12 இன்ச் சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்குன்னே உள்ள பெரிய ஸ்பீக்கர்) பெட்டி, அத ஓட்ட ஒரு மோனோ ஆம்ப், ஒயரிங் கிட்டு எல்லாம் சேத்து 22 ஆயிரம், மாட்டுக்கூலி தனி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டேன், ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டான். ஒரு குத்துப்பாட்ட போட்டான் பாருங்க, ரியர்வியூ கண்ணாடி நடுங்குது, பக்கத்துக் கடை டீ மாஸ்டர் திரும்பிப் பாக்குறாரு, எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. "எப்படிண்ணே, இடி மாதிரி விழுதா"ன்னான். விழுந்துச்சு, ஞாயித்துக்கிழமை காலையில எந்தலையில விழுந்துச்சு.

அன்னைக்கு அக்கா மகனுக்கு காதுகுத்து. குலதெய்வம் கோயில் 30 கிலோமீட்டர். மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், அந்த மாமன் நான். காலையில 5 மணிக்கு சீர்த்தட்டெல்லாம் ஏத்தி (டிக்கில இடமில்ல, அங்கதான் பெட்டி உக்காந்திருக்கே, பழத்தட்டு அம்மா மடியில) சாவியத் திருப்புனா டிக் டிக் டிக். பேட்டரி செத்துப்போச்சு. சனிக்கிழமை வண்டிய எடுக்கவே இல்லையே, எப்படி சாகும்னு பானெட்டத் திறந்து வச்சுட்டு முழிக்கிறேன், அம்மா என்னையே பாக்குறாங்க, ஒண்ணும் பேசல, அதுதான் இன்னும் மோசம். கடைசியில பக்கத்து வீட்டு அண்ணனோட டிவிஎஸ் எக்ஸ்எல்ல வாங்கிட்டுப் போனேன், முன்னாடி சீர்த்தட்டு, பின்னாடி அம்மா. நான் போய்ச் சேந்தப்ப பிள்ளைக்கு மொட்டையடிச்சு சந்தனமும் காஞ்சு போச்சு, ஆசாரி மூணாவது டீ குடிச்சுட்டு இருக்காரு. அக்கா சொன்னது ஒரே வார்த்தை, "வந்துட்டாருப்பா சவுண்டு சர்வீஸ்காரரு". இன்னைக்கு வரைக்கும் சொந்தத்துல எனக்கு அதுதான் பேரு.

சாயங்காலம் வந்து பேனலக் கழட்டிப் பாத்தா ரிமோட் ஒயர். ஹெட் யூனிட், அதாவது டேஷ்போர்டுல இருக்கிற பாட்டுப்பெட்டி, ஆன் ஆனாத்தான் ஆம்ப் ஆன் ஆகணும், அதுக்குன்னே நீலத்துல வெள்ளைக்கோடு போட்டு தனியா ஒரு ஒயர் குடுத்திருக்கான். இவன் அதத் தேடச் சோம்பல்பட்டு நேரடி 12 வோல்ட்டுல முறுக்கி விட்டுட்டான். அப்ப ஆம்ப் ராப்பகலா ஆன்லயே கிடக்கு. பாட்டே பாடாட்டியும் ஒரு ஆம்பியர் கிட்ட சும்மா குடிக்கும், எங்கிட்ட இருக்கிறது 35 ஏஎச் பேட்டரி (ஒரு ஆம்பியர் இழுத்தா சுமார் 35 மணி நேரம்), அதுவும் வயசானது. ஒன்றரை நாள்ல காலியாகாம என்ன செய்யும்?

இதாவது போகட்டும், மானம்தான் போச்சு. அடுத்து பாத்தது உயிரே போற வேலைங்க. பேட்டரி பிளஸ்ல இருந்து வர்ற பவர் கேபிள்ல பேட்டரி பக்கத்துல ஃபியூஸே இல்ல. ஒண்ணரை அடிக்குள்ள ஃபியூஸ் இருக்கணும், அது ஆம்ப காப்பாத்த இல்ல, ஒயர் எங்கயாச்சும் பாடியில உரசி ஷார்ட் ஆனா வண்டி தீப்பிடிக்காம இருக்க. இவன் இன்ஜின் பக்கத்துல இருந்து உள்ள வர்ற ஓட்டையில ஒரு ரப்பர் கூட போடாம வெறும் தகர விளிம்புல கேபிள இழுத்து விட்டிருக்கான், ரெண்டு நாள்லயே மேல்தோல்ல கோடு விழுந்திருச்சு. ஃபியூஸ் எங்கடான்னு போன்ல கேட்டா "ஆம்ப்லயே இருக்குல்லண்ணே"ங்குறான். ஏன்டா, நெருப்பு டிக்கி வரைக்கும் நடந்து போய் கேட்டுட்டா பிடிக்கும்?

அப்புறம் அந்த ஆம்ப் டப்பாவுல 3000 வாட்ஸ்னு அச்சடிச்சிருக்கான் பாருங்க. பக்கவாட்டுல இருக்கிற ஃபியூஸ் 30 ஆம்பியர். வண்டி ஓடுறப்ப 14 வோல்ட்டுன்னே வைங்க, பெருக்குனா 420. உள்ள போறதே 420 வாட்ஸ்னா வெளிய 3000 எங்கருந்து வரும், கிணத்துலருந்தா? உள்ள இருக்கிற மேனுவல்ல பொடி எழுத்துல இருக்கு, 4 ஓம் ஸ்பீக்கர்ல 300 வாட்ஸ் ஆர்எம்எஸ்னு, அதாவது விடாம தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர். அதுதான் நிஜம். 300 தாராளமாப் போதும், ஏன் பொய் சொல்ற?

கிரௌண்ட பெயிண்டு மேலயே போல்ட் பண்ணினது, பாட்டு சிக்னல் போற ஆர்சிஏ ஒயரையும் பவர் கேபிளையும் ஒண்ணா டேப் சுத்தி இழுத்தது, ஆக்சிலேட்டர மிதிச்சா ஸ்பீக்கர்ல ஊஊஊன்னு கொசு மாதிரி கத்துனது எல்லாம் விலாவாரியா எழுதுனா விடிஞ்சிரும். பெயிண்ட சுரண்டி வெறும் இரும்புல முடுக்குனேன், ஆர்சிஏவ அடுத்த பக்கமா கொண்டு போனேன், நின்னுருச்சு.

ஆனா கெயின். கெயின் மேட்டர விட முடியாது. ஆம்ப்ல கெயின் திருகு ஃபுல், அடிச்சத்தத்த ஏத்துற பேஸ் பூஸ்ட் ஃபுல், ஹெட் யூனிட்லயும் பேஸ் ஃபுல். கெயின் வால்யூம் இல்லங்க, ஹெட் யூனிட் அனுப்புற சிக்னலுக்கும் ஆம்ப்புக்கும் அளவு பொருத்துற திருகு. ஏத்திக்கிட்டே போனா சுத்தமான பவர் ஏறாது, ஒரு அளவுக்கு மேல அலையோட தலை வெட்டுப்படும், அந்தச் சூட்டுல சப்போட காயில் கருகும். எனக்கு ஏற்கனவே லேசா கருகல் வாசம் வந்துச்சு, அதக் கேட்டதுக்கு "புதுசுல அப்படித்தாண்ணே இருக்கும்"னான். புதுசுல அப்படி இருக்கிறதுக்கு அது என்ன தோசைக்கல்லா?

400 ரூபா மீட்டர் ஒண்ணு வாங்கி நானே உக்காந்தேன். பூஸ்ட் ஜீரோ, சப் ஒயரக் கழட்டியாச்சு, ஹெட் யூனிட் வால்யூம் 40க்கு 30, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடுது. 300 வாட்ஸ 4 ஓம்மால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 34.6, ஆம்ப் வெளிய விடுற ஏசி வோல்ட் அதுக்கு மேல போகக் கூடாது. அவன் வச்சிருந்த இடத்துல 46 காட்டுச்சு. 34க்கு இறக்குனப்ப திருகு கால்வாசி சுத்துல நிக்குது, கால்வாசி! அடிச்சத்தம் மட்டும் சப்புக்குப் போக ஃபில்டர 80 ஹெர்ட்ஸ்ல வச்சேன். இப்பத்தான் தவில் தவில் மாதிரி கேக்குது, முன்னாடி எல்லாம் பீரோவ உருட்டுன சத்தம். மொத்த வேலையும் இருபது நிமிஷம்.

இப்ப பாக்கி இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, நம்பர் பிளேட்டு கடகடன்னு ஆடுது. போனா போகுதுன்னு அவன்கிட்டயே போன்ல கேட்டேன். "அதுக்கு டேம்பிங் ஷீட் ஒட்டணும்ணே, டிக்கி ஃபுல்லா, 4000 ஆகும், வண்டிய விட்டுட்டுப் போங்க"ங்குறான். வீட்ல கிடந்த ஹவாய் செருப்ப நாலு துண்டா வெட்டி பிளேட்டுக்குப் பின்னாடி சொருகிட்டேன். சத்தம் இல்ல.