‘சந்தோஷமா இருக்கேனா?’ என்று கேட்காதீர்கள்

‘நான் சந்தோஷமாக இருக்கிறேனா?’ என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்வதால் பெரிய பயன் எதுவும் இல்லை என்பது என் கருத்து. காலையில் கேட்டால் ஒரு பதில் வரும், ராத்திரி கேட்டால் வேறு பதில் வரும். உள்ளுக்குள் உடைந்துகொண்டிருப்பவரோ, ‘வேலை இருக்கு, குடும்பம் இருக்கு, எனக்கென்ன குறைச்சல்?’ என்று தன்னையே அதட்டி உட்கார வைத்துவிடுவார்.

மருத்துவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று பார்க்க 2001இல் வெளியான பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தமே ஒன்பது கேள்விகள். எல்லாமே கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. பிடித்த விஷயங்களில் ஆர்வம் குறைந்ததா? தூக்கம் எப்படி? சாப்பாடு? சோர்வு? ஒரு விஷயத்தில் கவனம் நிற்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதை வைத்து நமக்கு நாமே நோயின் பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. போய்ப் பார்க்கும் நேரம் வந்துவிட்டதா என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

இரண்டு வாரம் என்ற அளவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு சண்டையோ ஒரு மோசமான நாளோ அதில் பெரிதாகத் தெரியாது. நாள் கணக்கில் தொடர்வதுதான் தெரியும். அந்த ஒன்பது கேள்விக்கும் கீழே, மதிப்பெண் இல்லாமல் இன்னொரு கேள்வி இருக்கும். இந்தத் தொந்தரவுகளால் வேலை செய்வதும், வீட்டைக் கவனிப்பதும், மற்றவர்களோடு பழகுவதும் எவ்வளவு கஷ்டமாகிவிட்டது என்று அது கேட்கும். அதுதான் முக்கியமான கேள்வி என்பேன். எத்தனையோ பேர் வேதனையைச் சகித்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார்கள். ஆனால் போன் அடித்தால் எடுக்க முடியவில்லை, குளிக்கப் போவதே மலையாகத் தெரிகிறது என்ற நிலை வந்தபின் சகித்துக்கொண்டிருப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

சரி, யாரிடம் போவது? வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சை தருவார். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும்.

மாத்திரை என்றதும் ‘அடிமையாகிடுவோம்’ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதைப்பொருள் போல ஏங்க வைப்பவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் போன்றவை வரலாம். அதனால் டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். பழக்கமாகிவிடக் கூடியவை சில வகைத் தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும்தான். எழுதிக் கொடுக்கும்போதே ‘இது எந்த வகை, எவ்வளவு நாளைக்கு?’ என்று கேட்டுவிடுங்கள்.

எனக்கு மனசு வலிப்பது இன்னொரு விஷயத்தில். தயங்கித் தயங்கி ஒருவர் முதல்முறையாகக் கவுன்சலிங் போவார். எதிரில் இருப்பவர் ‘எல்லாருக்கும் பிரச்சினை இருக்கு, பாசிட்டிவா இருங்க’ என்று உபதேசம் செய்து அனுப்பிவிடுவார். இவரும் ‘போய்ப் பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகல’ என்று கதவை மூடிக்கொள்வார். அங்கே சரியாக அமையாதது அந்தக் கவுன்சலர் ஒருவர்தான். சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் நம்பிக்கையான உறவு அமைந்தால் பலனும் கூடுகிறது என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் ஆளை மாற்றுவது உங்கள் உரிமை. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: என்ன முறையில் சிகிச்சை, ஏறக்குறைய எத்தனை அமர்வுகள், முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல சிகிச்சையாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அதேசமயம், பேசிவிட்டு வந்த அன்று மனசு கனப்பதை வைத்து ‘இவர் சரியில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய காயத்தைத் தொடும்போது அது நடக்கும். உங்களைக் குற்றவாளி ஆக்குகிறாரா, பேச விடாமல் குறுக்கிடுகிறாரா என்பதைப் பாருங்கள்.

அப்புறம், அந்தக் கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்று கேட்பது அது. ‘ஆமாம்’ என்றால் கூட்டல் கணக்கையும் இரண்டு வாரத்தையும் மறந்துவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். தாங்க முடியவில்லை என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘தற்கொலை எண்ணம் வருதா?’ என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று தயங்காதீர்கள். அப்படித் தூண்டாது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் அறிவுரையை ஆரம்பிக்காமல் அவர் பேசி முடிக்கும்வரை இருங்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் கூடவே போங்கள்.