வைன்பெர்க்கின் முதலிடக் கட்டுரையில் ஒரு சோதனைகூட இல்லை

புற்றுநோய் உயிரியலில் யார் பெரிய விஞ்ஞானி என்று கேட்டால், கூகுள் ஸ்காலர் என்ற கட்டுரைத் தேடுதளத்தைத் திறந்து எச்-இண்டெக்ஸைக் காட்டுகிறார்கள். தலா எச் முறையாவது பிற கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்ட எச் கட்டுரைகள் ஒருவரிடம் இருந்தால், அவருடைய எண் எச். பதவி உயர்வுக் கூட்டங்களிலும் இதே கதைதான். எண்ணில் பொய் இல்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் அதை நீட்டுவது சுத்த சோம்பேறித்தனம்.

எம்ஐடியின் ராபர்ட் வைன்பெர்க்கை எடுத்துக்கொள்வோம். அவருடைய கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் அடுக்கினால் உச்சியில் நிற்பவை, டக்ளஸ் ஹனஹனோடு சேர்ந்து 2000-லும் 2011-லும் ‘செல்’ இதழில் எழுதிய இரண்டு ரிவ்யூக்கள், அதாவது பிறர் கண்டுபிடிப்புகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகள். புற்றுநோய் செல்களின் பொதுக் குணங்களை முதலில் ஆறாகத் தொகுத்தார்கள், பிறகு மேலும் சிலவற்றைச் சேர்த்தார்கள். பல்லாயிரக்கணக்கான மேற்கோள்கள். புதிய சோதனை ஒன்றுகூடக் கிடையாது.

இப்போது 1982-க்கு வாருங்கள். ஈஜே என்ற, ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல் லைனின் ராஸ் மரபணுவை இயல்பான ராஸோடு ஒப்பிட்டது அவருடைய ஆய்வகம். 12-ஆம் கோடானில் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்துகள்) ‘ஜிஜிசி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜிடிசி’. கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின். ஒற்றை எழுத்து மாறினாலே ஒரு மனித மரபணு புற்றுநோய் மரபணுவாகிவிடும் என்பதற்கான நேரடி ஆதாரம் இது (அதே சமயத்தில் பார்பாசிட், விக்லர் குழுக்களும் இதைக் கண்டன). 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோடோராசிப் மருந்து குறிவைப்பதும் அதே 12-ஆம் இடத்தைத்தான், ராஸ் குடும்பத்தின் இன்னொரு மரபணுவான கேராஸில். ஆனாலும் மேற்கோள் கணக்கில் இந்தக் கட்டுரை அந்த ரிவ்யூக்களின் பக்கத்தில்கூட வராது.

காரணம் எளிது. யார் கட்டுரை எழுதினாலும் முன்னுரையின் முதல் வரிக்கு ஒரு பொதுவான சான்று வேண்டும். பல இதழ்கள் சான்றுகளுக்கு உச்சவரம்பு வைத்திருப்பதால், பத்து மூலக் கட்டுரைகளைப் போட வேண்டிய இடத்தில் ஒரு ரிவ்யூவோடு முடித்துக்கொள்கிறார்கள். மூலக் கண்டுபிடிப்போ பாடப்புத்தகத்துக்குள் போனதும் ‘எல்லோருக்கும் தெரிந்தது’ ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அதை மேற்கோள் காட்டுவோர் குறைவு.

எச்-இண்டெக்ஸ் 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. ஒருவரிடம் தலா 5,000 மேற்கோள் பெற்ற ஐந்தே கட்டுரைகள் இருந்தால் அவருக்கு 5. தலா 40 மேற்கோளில் 40 கட்டுரைகள் வைத்திருப்பவருக்கு 40. ஏறும், இறங்கவே இறங்காது. ஆகவே முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் இதில் ஒப்பிடுவது அநியாயம்.

உருப்படியாக மதிப்பிட வேண்டுமென்றால் முதலில் ரிவ்யூக்களைத் தனியே ஒதுக்குங்கள். அடுத்து, நூறு பேர் பெயர் போட்ட கூட்டமைப்புக் கட்டுரைகளை. மிச்சத்தில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனைகளைக் கையால் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். நடுவில் இருப்பவருக்கும் ஸ்காலர் முழு மேற்கோளையே கொடுக்கும். துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றையும் சமன்செய்து பார்க்க ஸ்கோபஸ் என்ற கட்டணத் தரவுத்தளத்தில் ஒரு விகிதம் உண்டு, அதில் 1 என்றால் உலகச் சராசரி. பணம் கட்ட முடியாதவர்களுக்கு அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்-சின் ஐசைட் என்ற கருவி இலவசம், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் உள்ளவற்றுக்கு. இன்ஷியலோடு எழுதும் நம் பெயர்களில் ஒரே ‘எஸ். குமார்’ பக்கத்தில் நாலு பேர் கட்டுரை கலந்து கிடக்கும், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஆர்கிட் (ORCID) அடையாள எண்ணை வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

இத்தனையும் செய்தாலும் முடிவு சரியா என்பதை மேற்கோள் சொல்லாது. 2012-இல் பெக்லியும் எல்லிஸும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் 53 முக்கியக் கட்டுரைகளின் முடிவுகளைச் சரிபார்க்க முயன்றது, 6 மட்டுமே உறுதியாயின. இம்பாக்ட் ஃபேக்டர் (ஓர் இதழின் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள்) 20-க்கு மேற்பட்ட இதழ்களில், உறுதியாகாத கட்டுரைகளின் சராசரி மேற்கோள் 248. உறுதியானவற்றுக்கு 231. மேற்கோளை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

எவை அந்த 53 என்று வெளியிடாதது பெரிய குறை. 2021-இல் முடிந்த இன்னொரு மறுபரிசோதனைத் திட்டம் கட்டுரைகளின் பெயரைச் சொல்லியே செய்தது. 193 சோதனைகளுக்குத் திட்டமிட்டு, 50-ஐத்தான் முடிக்க முடிந்தது. அந்த 193-இல் ஒன்றைக்கூட, மூலக் கட்டுரையில் எழுதியிருந்த செய்முறையை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்ய வழியில்லை.