பால்டிமோருக்கு மட்டையாளர்கள் போதும், இனி பிட்சர்கள் வேண்டும்

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. பால்டிமோரில், எங்கள் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தில் மகளோடு உட்கார்ந்திருந்தேன். மயாமி மார்லின்ஸ் அணிக்காக ஆட வந்திருந்த கைல் ஸ்டவர்ஸ் அன்று ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது பந்து வேலியைத் தாண்டி விழுந்தபோது, எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் தன்னுடைய ஓரியோல்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கைதட்டினார். ஸ்டவர்ஸ் 2019 டிராஃப்டில் (அணிகள் புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எங்கள் அணி எடுத்து, ஐந்து ஆண்டுகள் வளர்த்து, 2024 ஜூலையில் ஒரு பிட்சருக்காக, அதாவது பந்துவீசுபவருக்காக, கொடுத்துவிட்ட பிள்ளை. "அவர் நம்ம ஆள்தானேப்பா, அவரை ஏன் கொடுத்தார்கள்?" என்று மகள் கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தக் குளிர்காலத்தில் அணி எடுத்த முடிவுகளையும் பார்த்துவிட்ட பிறகு, அந்தப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேஸ்பால் பழக்கமில்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2018இல் ஓரியோல்ஸ் 47 ஆட்டங்களில் வென்று 115 ஆட்டங்களில் தோற்றது. அந்த ஆண்டு நவம்பரில் ஹூஸ்டனிலிருந்து மைக் எலியாஸ் பொது மேலாளராக வந்தார். ஹூஸ்டன் அணி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்று, அப்படித் தோற்றதால் டிராஃப்டில் முன்னதாகத் தேர்ந்தெடுக்கக் கிடைத்த வாய்ப்புகளில் இளைஞர்களைச் சேர்த்து, 2017இல் லீக்கின் இறுதிப் பட்டமான வேர்ல்ட் சீரிஸை வென்றிருந்தது. அதே வழியில் எங்களையும் அழைத்துப்போனார். 2019இல் 108 தோல்வி, 2021இல் 110 தோல்வி. அந்த ஆண்டுகளில் மைதானத்தில் பாதி இருக்கைகள் பச்சையாகவே தெரியும். அதற்கான பலனாக 2019இல் முதல் தேர்வாக கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) ஆட்லி ரட்ச்மன், இரண்டாம் சுற்றில் உள்களத்தில் ஆடும் ஷார்ட்ஸ்டாப் கன்னர் ஹெண்டர்சன், 2022இல் மீண்டும் முதல் தேர்வாக ஜாக்சன் ஹாலிடே என்று வரிசையாக வந்து சேர்ந்தார்கள். 2023இல் ஹெண்டர்சன் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். அணி 101 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. எலியாஸ் செய்த அந்த வேலையை நான் இன்றும் மதிக்கிறேன், பொறுமையாகத் தோற்றதற்காக அவரை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

என் குறை வேறு. 2019 முதல் 2025 வரை எலியாஸ் நடத்திய ஏழு டிராஃப்டுகளில், முதல் சுற்றில் ஒரு பிட்சரைக்கூட அவர் எடுக்கவில்லை. கெர்ஸ்டாட், வெஸ்ட்பர்க், கௌசர், பீவர்ஸ், பிராட்ஃபீல்ட், ஹனிகட் என்று எல்லோரும் மட்டையாளர்கள். இதற்கு ஒரு நியாயம் உண்டு. பிட்சர்களின் முழங்கை எப்போது கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லூரியில் நன்றாக அடித்த மட்டையாளர் பெரிய அணிக்கு வந்து நிலைப்பதற்கான வாய்ப்பு அதிகம். ஆகவே மட்டையாளர்களைச் சேர்த்து வைத்துக்கொள், பிட்சர் தேவைப்படும்போது அவர்களில் சிலரைக் கொடுத்து வாங்கிக்கொள் என்பது திட்டம். திட்டத்தில் பிழையில்லை. ஆனால் அதன் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு, இரண்டாம் பாதிக்கு நேரம் வந்தபோதெல்லாம் கை நடுங்கியதுதான் இந்த அணியின் கதை. விதைநெல்லைப் பத்தாயத்தில் பூட்டி வைத்துவிட்டு மழை வரட்டும், மழை வரட்டும் என்று காத்திருந்தால், மழை வரும் நாளில் நெல்லில் பாதி முளைக்கும் சக்தியை இழந்திருக்கும்.

ஹெஸ்டன் கெர்ஸ்டாடை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிராஃப்டில் நாட்டிலேயே இரண்டாவது தேர்வு. எடுத்த உடனேயே இதயத் தசை அழற்சி வந்து நெடுநாள் ஆட முடியாமல் போனது. மீண்டு வந்து, பெரிய அணியில் இடம் பிடிக்கும் நேரத்தில், 2024 ஜூலையில் பந்து தலையில் பட்டது. 2025இல் அவரால் .200 மட்டைச் சராசரியைக்கூட, அதாவது ஐந்து முயற்சிக்கு ஒரு வெற்றி அடி என்பதைக்கூட, தொட முடியவில்லை. இதில் எதுவும் அந்த இளைஞரின் குற்றமில்லை, அவருக்காக மனம் கனக்கிறது. ஆனால் ஓர் இளம் வீரரின் மதிப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

இங்கே விதிகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா முடிவுகளும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. பெரிய லீக்கில் ஓர் அணி 26 பேரை மட்டுமே ஆடும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். அந்த 26 பேரையும் உள்ளடக்கிய 40 பேர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்த நாற்பதுக்குள் வந்த இளம் வீரரைப் பொதுவாக மூன்று சீசன்களுக்குத்தான் மைனர் லீக்குக்கும் (கீழ்நிலை வளர்ப்பு அணிகளுக்கும்) பெரிய அணிக்குமாக அனுப்பி அனுப்பி எடுக்க முடியும். அதற்குப் பிறகு அவரை மேலே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ள வழிவிட வேண்டும். மேலே வந்து ஆறு ஆண்டுச் சேவை முடிந்துவிட்டால் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஆகவே மைனர் லீக்கில் பத்து நல்ல மட்டையாளர்கள் இருப்பது பத்து மடங்கு செல்வம் ஆகாது. களத்தில் அவர்களுக்கு நான்கு இடம்தான் காலியிருக்கும், மற்ற ஆறு பேரின் நாள்காட்டியும் ஓடிக்கொண்டேயிருக்கும். எங்கள் மைனர் லீக் அணியான நார்ஃபோக் டைட்ஸ் 2023இல், பெரிய லீக்குக்கு அடுத்த படியான டிரிபிள்-ஏ பட்டத்தையே வென்றது. அந்த ஆண்டு ஒவ்வோர் இரவும் அவர்களுடைய ஸ்கோரையும் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன். இவ்வளவு பேரும் எங்கே ஆடப்போகிறார்கள் என்ற கேள்வி அப்போதே என்னை உறுத்தியது.

எலியாஸ் பெரிய அளவில் துணிந்தது ஒருமுறை, 2024 பிப்ரவரியில். ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால், ஒரு டிராஃப்ட் உரிமை ஆகியவற்றைக் கொடுத்து மில்வாக்கியிலிருந்து பிட்சர் கார்பின் பர்ன்ஸை வாங்கினார். அக்டோபர் 1 அன்று, கேன்சஸ் சிட்டிக்கு எதிரான முதல் பிளே-ஆஃப் (சாதாரண சீசனுக்குப் பிறகு வரும் பட்டச் சுற்று) ஆட்டத்தில் பர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸ் தாண்டியும் வீசி ஒரே ஒரு ரன்தான் விட்டார். ஆட்டம் 1-0 என்று போய்விட்டது. மறுநாள் 2-1. இரண்டு நாளில் எங்கள் பெருமைக்குரிய இளம் மட்டையாளர்கள் சேர்த்தது ஒரே ரன். அதற்கு முந்தைய ஆண்டும் டெக்சஸிடம் மூன்று நேர் தோல்வி. ரட்ச்மன் வந்த நாளிலிருந்து சாதாரண சீசனில் நூறு தொடர்களுக்கு மேல், ஒரு தொடரில்கூட எல்லா ஆட்டங்களையும் தோற்காமல் இருந்த அணி, அக்டோபரில் மட்டும் ஒரு வெற்றிகூட இல்லாமல் வீட்டுக்குப் போனது. பிட்சர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நான் இதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்: இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளை மட்டும் வரிசையாக நிறுத்தினால், ஒருவர் தடுமாறும்போது எல்லோருமே சேர்ந்து தடுமாறுகிறார்கள். இடையில் நின்று ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ள அனுபவமுள்ள மட்டை ஒன்று வேண்டும்.

பிறகு வந்த குளிர்காலம்தான் எனக்கு இன்னும் ஆறாதது. பர்ன்ஸ் ஆறு ஆண்டு, 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அரிசோனாவுக்குப் போனார். அவரைப் போகவிட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூனில் அவருக்கு முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது, அவ்வளவு நீண்ட ஒப்பந்தத்தின் ஆபத்து என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய இடத்தில் யாரை வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. 41 வயது சார்லி மார்ட்டனுக்கு 1.5 கோடி, ஜப்பானிலிருந்து வந்த 35 வயது டொமொயுகி சுகானோவுக்கு 1.3 கோடி, இரண்டும் ஓராண்டு ஒப்பந்தங்கள். சுகானோ தன்னால் முடிந்ததைச் செய்தார். மார்ட்டன் தோற்றுக்கொண்டேயிருந்தார். ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு, சின்சினாட்டி எங்கள் மைதானத்தில் 24-2 என்று வென்றது. தொலைக்காட்சியை அணைக்கவும் மனம் வராமல், பார்க்கவும் முடியாமல், சமையலறையிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மே 17இல், அணி 15-28 என்ற நிலையில், களத்தில் அணியை நடத்தும் மேலாளர் பிராண்டன் ஹைடை நீக்கினார்கள். தன் கையில் கொடுக்கப்பட்ட பிட்சர்களை வைத்துத்தானே அவரும் ஆட முடியும்?

அதே குளிர்காலத்தில் பாஸ்டன் என்ன செய்தது என்று பாருங்கள். கேட்சர் கைல் டீல் உட்பட நான்கு இளம் வீரர்களை சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து பிட்சர் காரட் குரோஷேவை வாங்கியது. அவர் 2025இல் 18 வெற்றி, 255 ஸ்டிரைக்-அவுட் (மட்டையாளரைப் பந்துவீச்சாலேயே வெளியேற்றுவது). வந்த வேகத்திலேயே அவரோடு நீண்ட ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். அந்த அளவுக்கு விலை கொடுக்க எங்களிடம் ஆள் இல்லாமல் இல்லை. கொடுக்கத்தான் மனம் இல்லை. பாஸ்டன் பிளே-ஆஃபுக்குப் போனது. நாங்கள் 75-87 என்று பிரிவின் கடைசியில் முடித்தோம்.

இப்போது ஸ்டவர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவரையும் கானர் நார்பியையும் கொடுத்து நாங்கள் வாங்கியது டிரெவர் ராஜர்ஸ் என்ற இடக்கைப் பிட்சரை. வந்த புதிதில் நான்கே ஆட்டங்களில் நிலைகுலைந்து நார்ஃபோக்குக்கு அனுப்பப்பட்டார். ஸ்டவர்ஸோ 2025இல், லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த ஜூலை மாதத்தில் இந்த டிரேடைப் பற்றிப் பால்டிமோரில் யாரைக் கேட்டாலும் திட்டுத்தான் கிடைத்திருக்கும். ஆனால் அதே 2025இல் ராஜர்ஸ் 18 ஆட்டங்களில் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.81 ரன் மட்டுமே விட்டார். மொத்த லீக்கிலும் அவ்வளவு நன்றாக வீசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்டவர்ஸ் எங்களிடமே இருந்திருந்தால் வாரத்துக்கு இரண்டு நாள் ஆடிவிட்டு மீதி நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் உண்மை. இங்கே இருந்தபோது அப்படித்தான் நடந்தது. அவர் அங்கே மலர்ந்தது அவருக்கு இடம் கிடைத்ததால். மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: அவரைக் கொடுத்தது பிழையில்லை, அப்படிக் கொடுக்க வேண்டிய இன்னும் இரண்டு மூன்று பேரைக் கொடுக்காமல் விட்டதுதான் பிழை.

இந்தக் குளிர்காலத்தில் எலியாஸ் கடைசியில் அசைந்திருக்கிறார். பீட் அலான்சோவை ஐந்து ஆண்டு, 15.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது எனக்கு மனநிறைவு. 2025இல் 38 ஹோம் ரன், இரண்டு சீசன்களாக 162 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். நான் கேட்ட அனுபவமுள்ள மட்டை இதுதான். டாம்பா பே ரேஸிடமிருந்து பிட்சர் ஷேன் பாஸை வாங்க நான்கு இளம் வீரர்களையும் ஒரு டிராஃப்ட் உரிமையையும் கொடுத்ததற்குப் பலர் முகம் சுளித்தார்கள். 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன்களின் சராசரி 4.87 என்பது உண்மை. ஆனால் மில்டன் புயலில் ரேஸ் மைதானத்தின் கூரை கிழிந்துபோய், அந்த ஆண்டு முழுக்க அவர்கள் வெட்டவெளியில் ஒரு பயிற்சி மைதானத்தில் ஆட நேர்ந்தது. அந்தச் சூட்டில் பந்து பறக்கும். அங்கேயும் பாஸ் 31 ஆட்டங்களுக்கு நின்று வீசியிருக்கிறார், இன்னும் மூன்று ஆண்டுகள் எங்களிடம் இருப்பார். விலை அதிகம்தான், நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பிட்சர் கிரேசன் ராட்ரிகஸை ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து டெய்லர் வார்டை வாங்கியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ராட்ரிகஸ் 2024 ஜூலைக்குப் பிறகு பெரிய லீக்கில் வீசவேயில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பதெல்லாம் தெரியும். வார்ட் 36 ஹோம் ரன் அடித்தவர் என்பதும் தெரியும். ஆனால் வார்டுக்கு ஒரே ஓராண்டுதான் மீதியிருக்கிறது, ராட்ரிகஸுக்கு நான்கு. மட்டையாளர்கள் நிரம்பி வழியும் வீட்டுக்கு இன்னொரு மட்டையாளரைக் கொண்டுவந்து, பதிலுக்கு ஒரு பிட்சரை அனுப்பியது எனக்குப் பழைய பழக்கத்தின் தொடர்ச்சியாகவே படுகிறது.

இனி இருக்கும் முடிவுகளில் இரண்டைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். முதலாவது, இளம் மட்டையாளர் கோபி மேயோ. அலான்சோ வந்துவிட்டதால் முதல் பேஸில் அவருக்கு இடமில்லை. மூன்றாம் பேஸில் வெஸ்ட்பர்க் உடல்நலத்தோடு இருக்கும்வரை அங்கும் இல்லை. 24 வயது, பந்தை வெகுதூரம் அடிக்கும் கைகள். இன்று அவரைக் கொடுத்தால் பதிலுக்கு நல்ல பிட்சர் ஒருவர் கிடைப்பார், இன்னும் ஒரு சீசன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கிடைக்கமாட்டார். இரண்டாவது ஹெண்டர்சன். 2028 முடிந்ததும் அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம், ரட்ச்மன் அதற்கும் ஓராண்டு முன்னதாக. இளம் கேட்சர் சாமுவேல் பசாயோவுக்கு, அவர் பெரிய அணியில் காலடி வைத்த சில நாட்களுக்குள், எட்டு ஆண்டு, 6.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட அதே கை ஹெண்டர்சனிடமும் நீள வேண்டும். அவருக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். ஆகட்டும். ரட்ச்மனைப் பொறுத்தவரை, .220 அடித்து, காயங்களோடு போன ஓர் ஆண்டை வைத்து அவரை விற்கப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலை கீழே கிடக்கும்போது விற்பது விற்பனையே இல்லை. பசாயோ வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேட்சராக நிற்கட்டும், மற்ற நாட்களில் மட்டை மட்டும் பிடிக்கட்டும்.

ஏப்ரலில் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி மகள் இப்போதே கேட்டுவிட்டாள். ராஜர்ஸ் எந்த நாள் வீசுகிறார் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.