ஆளே இல்லாத ஊராம்!

அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். நேற்றிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள், போதும். தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவரில் ஏறி நின்றுகொண்டு "ஆளே இல்லாத பேய் நகரம் மக்களே" என்கிறார் தம்பி. அவருக்குப் பின்னாலேயே ஓர் அம்மா சங்கு மாலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்!

அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஓலைக் குடிசை போட்டு, கரைவலை இழுத்து, மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து வாழ்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. எல்லாம் சரி. அறிவிப்பைப் படித்துவிட்டு மீன் வேறு ஊருக்குப் போய்விடுமா? மீன் இருக்கிற இடத்தில்தான் மீனவர் இருப்பார்.

"சுற்றுலா வந்தால்தானே அவர்களுக்குப் பிழைப்பு" என்று உடனே வருவீர்கள். தெரியும். 2017இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு சங்கும் பொரித்த மீனும் விற்கிறது, நல்லது. விற்பவர் பேயா? "கோஸ்ட் டவுன் என்பதைத்தானே தமிழில் சொன்னார்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"நீ மட்டும் போய் போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். பழைய நண்பர். சுருக்கென்றுதான் இருந்தது.

போனேன், 2012இல். அப்போது சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில், மணலிலும் தண்ணீரிலும் இடுப்பு ஒடிய ஒடியப் பயணம். கூட அத்தை வந்திருந்தார். அவருடைய மாமனார் போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, இங்கிருந்துதான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினாராம். "எந்த இடத்துல ஏறியிருப்பாரு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். யாருக்குத் தெரியும்? ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, அத்தைக்கு ஒரு சொம்பு ஊற்றுத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு பக்கமும் கடல், ஆனால் தண்ணீரில் ஒரு துளி உப்பில்லை. அந்தப் பக்கம் சீறுகிற ஆண் கடல், இந்தப் பக்கம் அமைதியான பெண் கடல் என்று கை நீட்டிக் காட்டினார். இடிந்த சுவர் பின்னணியில் வரும்படி அவரை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். "எதுக்குய்யா?" என்றார். "சும்மா பாட்டி" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதே முகநூலில் போட்டேன். தலைப்பு: "கைவிடப்பட்ட ஊரின் கடைசி முகம்". அத்தனை லைக். பாட்டியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

தேடி எடுத்து ஸ்கிரீன்ஷாட் போடப் போகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். நான் செய்தது தப்புத்தான். அதற்காக அந்தத் தம்பி செய்தது சரியாகிவிடாது. முதலில் அவர் சுவரிலிருந்து இறங்கட்டும். பவளக்கல் சுவர் அது, ஏற்கெனவே உப்புக்காற்றில் பொடிந்துகொண்டிருக்கிறது.