பழைய குரூப்பில் இன்னும் ஒன்பது பேர்

எங்கள் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். போன ஆகஸ்டில் ஒருவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவனைக் குரூப்பிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ அதே பெயருக்குப் பக்கத்தில் 2 என்று போட்டுப் புதுக் குரூப் ஆரம்பித்தார்கள். மற்ற எட்டுப் பேரும் சத்தமில்லாமல் அங்கே குடிபோனோம். பழையது அப்படியே கிடக்கிறது. அவன் கடைசியாகக் கேட்ட "லஞ்சுக்கு யாரெல்லாம் வரீங்க?" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் போடவில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிடு" என்றாள் அம்மா. உடைத்தேன்.

தேற்ற வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நீ என்ன பண்ணுவ, மேலேருந்து வந்த முடிவு." ஹெச்ஆர் ஏற்பாடு செய்த ஆன்லைன் கூட்டத்தில் ஒரு கவுன்சலர் வந்து, மிஞ்சியவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வருவது இயல்பு, மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்றார். நானும் இழுத்து விட்டேன். ஆனால் என் விஷயத்தில் ஒரு சிக்கல். ஏப்ரலில் அவன் வேலைக்கு இருப்பதிலேயே கீழான மதிப்பீட்டை, அதாவது ரேட்டிங்கை, போட்டதே நான்தான்.

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு பெல் கர்வ் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டீமில் எல்லாருமே நன்றாக உழைத்திருந்தாலும் யாராவது ஒருவர் கீழே இருந்தாக வேண்டும். வகுப்பில் எல்லாரும் பாஸ், ஆனாலும் ஒருத்தனை ஃபெயிலாக்கு என்பது மாதிரி. எக்செல் ஷீட்டில் எட்டுப் பெயர்கள். இரண்டு நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒருத்தி அப்போதுதான் பிரசவ விடுப்பு முடிந்து வந்திருந்தாள். ஒருவர் குறைந்த ரேட்டிங் போட்டால் டைரக்டர் வரை போய் நிற்பார். இவன் நவம்பரில் வேறு ப்ராஜெக்டிலிருந்து வந்தவன். எது சொன்னாலும் "சரிண்ணே, பாத்துக்கலாம்" என்பான். அதனால் அவன். வேலையில் குறை என்று எதுவும் இல்லை, சண்டை போடமாட்டான் என்பதுதான் காரணம். இன்கிரிமென்ட் கொஞ்சம் குறையும், அடுத்த வருஷம் ஈடுகட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் ஆள் குறைக்கக் கிளம்பியவர்கள் அந்த ஷீட்டைத்தான் எடுத்தார்கள்.

ஹெச்ஆர் அறைக்குள் அவன் இருந்தது இருபது நிமிடம். உன்னை நீக்குகிறோம் என்று யாரும் நேராகச் சொல்லவில்லையாம். நீயே ராஜினாமா போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் கிடைக்கும், இல்லையென்றால் டெர்மினேஷன் என்று பதிவாகும், அவ்வளவுதான். போர்ட்டலில் பட்டனை அமுக்கிவிட்டு வந்தான். கம்பெனிக் கணக்கில் அவன் தானாகப் போனவன். நோகாமல் நுங்கு தின்பது என்பது இதுதான்.

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது பேரிடி. ஆனால் அங்கே சங்கம் இருந்தது, போராட்டம் நடந்தது, நாலு பேர் கூடி அழவாவது முடிந்தது. இங்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தனித்தனியாக முடித்துவிடுகிறார்கள். 2025 ஜூலையில் ஐ.டி. நிறுவனமான டிசிஎஸ் (நான் அங்கே இல்லை) சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியர்களில் 2 சதவீதத்தைக் குறைக்கப்போவதாக எண்ணிக்கையோடு அறிவித்தது. எங்கள் இடத்தில் அந்த எண்ணிக்கைகூட யாருக்கும் தெரியாது.

1947 தொழில் தகராறு சட்டத்தில் 25ஜி என்று ஒரு பிரிவு இருந்தது. ஆள் குறைப்பதென்றால் அந்த வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் போகவேண்டும். மாற்றினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. தொழில் தகராறு சட்டம் ஐ.டி. ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. திறமைக்கு மதிப்பில்லாத விதி என்று முன்பெல்லாம் கேலி செய்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. விதி கண்மூடித்தனமாக இருக்கலாம், ஆனால் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்து ஆள் காட்டச் சொல்லாது. அந்தக் கணக்கில் போயிருக்கவேண்டியவன் இவன் இல்லை, போன வருஷம் கேம்பஸில் வந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று. அது மட்டும் நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அவன் பார்த்த வேலை இரண்டு பேர் தலையில் விழுந்தது. இரவு பதினோரு மணிக்கும் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறது. யாரும் முணுமுணுப்பதில்லை. அவனுக்கு அதுகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டே செய்கிறார்கள். எங்கள் குற்ற உணர்ச்சியில் கம்பெனிக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம்.

நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. அவனுக்கு சர்வீஸ் நாலு வருஷம் பத்து மாதம். ஐந்து முடியவில்லை, கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாது என்றார்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதைத் தேடி எடுத்து அவனுக்கு அனுப்பினேன். மூன்று மெயில் போட்டபிறகு பணம் வந்தது. பார்த்தால், சண்டை போடத் தெரிந்தவன்தான்.

ஜனவரியில் போன் செய்தான். கோயம்புத்தூரில் வேலை, சம்பளம் குறைவு. "அண்ணே, ஒண்ணு கேக்கவா? அந்த ரேட்டிங்…"

"நான்தான்டா போட்டேன்."

"அது தெரியும்ணே. ஏன் நான்னுதான் கேக்குறேன்."

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. "அப்புறம் பேசுறேண்ணே" என்று வைத்துவிட்டான். இன்னும் பேசவில்லை.

இந்த வருஷத்து ஷீட் திங்கட்கிழமை வந்தது. ஏழு பெயர்கள். திறந்த உடனேயே, இதில் யார் சண்டை போடமாட்டார்கள் என்று கண் தானாகத் தேடுகிறது. கீழ் ரேட்டிங்குக்கான கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். நேற்று திரும்பி வந்திருக்கிறது.