டிக்கிக்குப் போன பேட்டரி

ரேஸ் ஓட்டுகிற காருக்கு லைட்வெயிட் லித்தியம் பேட்டரி போடலாமா, பேட்டரியை டிக்கிக்கு மாற்றலாமா என்று இன்பாக்ஸில் கேட்கிற தம்பிகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. பொதுவிலேயே போட்டுவிடுகிறேன். திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டலாம்.

கோவை செட்டிபாளையத்துக்கு டிராக் ரேஸ் (நின்ற இடத்தில் இருந்து கால் மைல் நேராகப் பாய்கிற பந்தயம்) ஓட்ட வருகிற நம்ம ஊர் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டரியை டிக்கிக்கு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மாற்றினால் கெடுதல்தான். எடை குறைந்த பேட்டரி வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அதை உட்கார வைக்கிற தட்டுக்கும் கேபிளுக்கும் காசு ஒதுக்க மனசில்லாதவர்கள் அந்தப் பேட்டரியையும் வாங்க வேண்டாம் என்பேன்.

டிக்கி பழக்கம் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வந்தது. அங்கே ஓடுகிற மஸ்டாங், கமாரோ எல்லாம் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள். லாஞ்ச் அடிக்கும்போது, அதாவது நின்ற இடத்தில் இருந்து பாய்ந்து கிளம்பும்போது, பாரம் பின்னால் சாயும், பின் டயர் தரையைக் கவ்வும். பேட்டரியும் பின்னால் போனால் பிடிப்பு இன்னும் கூடும். அதிலும் வலது பின்சக்கரத்துப் பக்கமாக வைப்பார்கள். பின்சக்கரம் இரண்டையும் ஒரே அச்சில் கோத்த முழு ஆக்சில் வண்டிகளில், இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். போதாததற்கு அவர்கள் ஊரில் டிரைவர் உட்காருவது இடப்பக்கம். இரண்டு வகையிலும் வலது மூலையில் பாரம் வைப்பது கணக்குக்குச் சரி. நம்ம ஊரில் டிரைவரே வலப்பக்கம் உட்காருகிறார், அந்தப் பக்கத்துக்கு ஆள் பாரம் ஏற்கெனவே போய்விட்டது. இதை யோசிக்காமல் கான்டெஸாவிலும் அதே மூலையில் துளை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கான்டெஸாவாவது பின்சக்கர வண்டி, விட்டுவிடலாம். மற்றவர்கள் கொண்டுவருவது ஸ்விஃப்ட், பலேனோ, போலோ, பழைய சிட்டி, ஆக்டேவியா. எல்லாம் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. லாஞ்சில் பாரம் பின்னால் சாயச் சாய, இழுக்க வேண்டிய முன் டயர் லேசாகி நின்ற இடத்திலேயே சுற்றும். அந்த நேரத்தில் முன்னால் இருக்கிற ஒவ்வொரு கிலோவும் நமக்கு உதவுகிற கிலோ. பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி கட்டிய தாத்தாக்களுக்கு முன்பாரம் பின்பாரம் அத்துப்படி. பின்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும், மாடு இழுக்க முடியாது. போலோவின் பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோகிறவர் செய்வதும் அதே வேலைதான், என்ன, அதற்கு இவர் லேபர் சார்ஜ் வேறு கொடுக்கிறார்.

எடை குறைக்க வேண்டுமா? முதலில் ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட் மூன்றையும் வீட்டில் இறக்கி வையுங்கள். 30 கிலோ பக்கம் போய்விடும், போவதும் வண்டியின் பின்பாதியில் இருந்து. பெட்ரோலைத் தளும்பத் தளும்ப நிரப்பாமல் 10 லிட்டரோடு வந்தால் இன்னொரு 20 கிலோ குறையும். ஒரு பைசா செலவில்லை. ஹேட்ச்பேக்கில் கம்பெனி போட்டுத் தருகிற 35 ஏஎச் (ஆம்பியர்அவர், பேட்டரியின் கொள்ளளவு) ஆசிட் பேட்டரி 9, 10 கிலோ இருக்கும். அதை எடுத்துவிட்டு 3 கிலோவுக்குள் லித்தியம் போட்டால் மிச்சம் 6, 7 கிலோ. 1,000 கிலோ வண்டியில் 10 கிலோ குறைத்தால், கால் மைல் ஓட்டத்தில் 14 விநாடிக்கு ஏறக்குறைய 0.05 விநாடி கிடைக்கும். லைட் விழுந்த பிறகு கிளட்சை விடுவதில் நம்ம பசங்க அதைப் போல நாலு மடங்கு தொலைக்கிறார்கள்.

எடைக் கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய ஊர் இது. 2003இல் திறந்த செட்டிபாளையம் பந்தயப் பாதைக்கே அவர் பெயர்தான் வைத்திருக்கிறது. கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் எனக்குச் சண்டை.

சரி, அப்படியானால் லித்தியம் எதற்கு? வோல்டேஜுக்கு. எடையைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைப் பேசுவதில்லை. லோடு ஏறினால் ஆசிட் பேட்டரியின் வோல்டேஜ் சரசரவென்று இறங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில், 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்து 12.8, தீர்ந்துபோகிற வரைக்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். குதிரைசக்தி மிச்சம் பிடிக்கச் சிலர் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் பெல்ட்டையே கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அப்போது பெட்ரோல் பம்ப், காயில், ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், ஃபேன் எல்லாம் பேட்டரியை மட்டும் நம்பி ஓடும். வோல்டேஜ் இறங்கினால் பம்ப் தள்ளுகிற பெட்ரோலும் குறையும், இன்ஜெக்டர் திறக்கவும் தாமதமாகும். டர்போ முழு பூஸ்டில் இருக்கும்போது கலவை லீன் ஆனால், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போனால், பிஸ்டன் உருகிவிடும். இன்ஜின் செட்டிங் செய்து கொடுத்த டியூனரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி பேட்டரித் தட்டில் உட்கார்ந்திருக்கும். லித்தியத்துக்கும் ஒரு குணக்கேடு உண்டு. கடைசிவரை நன்றாக நின்றுவிட்டு, தீரும்போது சொல்லாமல் கொள்ளாமல் விழும். அதனால் ஆல்டர்னேட்டர் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு ரன்னுக்கும் நடுவில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

வாங்கும்போது லேபிளைக் கவனியுங்கள். சில லித்தியம் பேட்டரிகளில் பெரிய எழுத்தில் ஏஎச் போட்டு, பொடி எழுத்தில் 'ஈக்குவலன்ட்' என்று போட்டிருப்பார்கள். அத்தனை ஏஎச் உள்ள ஆசிட் பேட்டரி அளவுக்கு செல்ஃப் அடிக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். உள்ளே இருக்கிற நிஜமான கொள்ளளவு அதில் வெறும் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம். செல்ஃப் அடிக்கப் போதும், 40 ஆம்பியர் லோடை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் போதாது. வாட்அவர், அதாவது உள்ளே நிஜமாகத் தேங்கி நிற்கிற மின்சாரம், எவ்வளவு என்று கேளுங்கள், அதில் 'ஈக்குவலன்ட்' கணக்குக் காட்ட முடியாது.

ஸ்கூட்டர் பேட்டரியில் இருந்து பிரித்த செல்லை வைத்து ‘நானே பேக் கட்டித் தருகிறேண்ணா’ என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். கை வேலையில் நம்ம ஊர்ப் பசங்களை மிஞ்ச ஆள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த செல்களில் பல வேறு ரசாயனம், சூடு தாங்குவதிலும் பாஸ்பேட்டுக்குப் பின்னால்தான். வோல்டேஜ் கணக்கும் ஒத்துவராது. நான்கு செல் போட்டால் முழு சார்ஜில் 16.8, மூன்று போட்டால் 12.6. நம்ம ஆல்டர்னேட்டர் கொடுப்பதோ 14 வோல்ட் பக்கம். போதாக்குறைக்கு உள்ளே இருக்கிற பாதுகாப்பு போர்டு ஓட்டத்தின் நடுவே கட் செய்தால், ஆல்டர்னேட்டர் கரண்ட் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறி ஈசியுவைக் காவு வாங்கும். நல்ல பாஸ்பேட் பேட்டரியாக இருந்தாலும் பழைய பூஸ்ட் சார்ஜரில் மாட்டாதீர்கள். 14.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கொஞ்சம் சூட்டையும் பாருங்கள். சித்திரை வெயிலில் வரிசையில் நிற்கிற வண்டியின் பானெட்டுக்குள் டர்போ பக்கத்தில் கை வைக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் லித்தியம் உட்கார்ந்தால் ஒரு ஹீட் ஷீல்ட் கட்டாயம். வைக்க இடமில்லை என்றால் ஏஜிஎம் (ஆசிட் வழியாமல் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கிற வகை) பேட்டரி போடுங்கள், 7 கிலோ அளவில் சின்னதாகக் கிடைக்கிறது. பாதிப் பேருக்கு அதுவே தாராளம்.

இனிமேல் வருவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பேட்டரியை ஜிப் டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். டிக்கித் தகரத்தில் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். முட்டினால் என்ன ஆகும்? 20 ஜி விசையில் 3 கிலோ பேட்டரி 60 கிலோவாக இழுக்கும், 10 கிலோ பேட்டரி 200 கிலோவாக. தகரத்தில் இறங்கிய ஸ்க்ரூ அதற்கு நிற்குமா? இடம் மாற்றிய பேட்டரியைச் சட்டகத்தோடு குறைந்தது இரண்டு 3/8 அங்குல போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும், மேலே உலோகப் பட்டை வேண்டும் என்று அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்துகிற என்எச்ஆர்ஏ அமைப்பின் விதி சொல்கிறது. டிக்கியில் இருந்தால் டிரைவருக்கும் அதற்கும் நடுவில் உலோகத் தடுப்பு, இல்லாவிட்டால் வெளியே காற்றுப் போக்கி வைத்த மூடிய பெட்டி வேண்டும். டிக்கியைக் காப்பியடித்தவர்கள் இதையும் சேர்த்துக் காப்பியடித்திருக்கலாம். கோவையில் கணபதியிலோ சிங்காநல்லூரிலோ எந்தப் பட்டறையில் சொன்னாலும் எல் ஆங்கிளில் தட்டு அடித்து, பட்டை வளைத்துக் கொடுத்துவிடுவார்கள். அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள். லித்தியத்தின் பிளாஸ்டிக் உடம்பு நசுங்குகிற அளவுக்கு முறுக்க வேண்டாம், உள்ளே இருப்பது மெல்லிய செல். அதன் டெர்மினலும் பைக் பேட்டரி மாதிரி சின்னது. கனமான கேபிளை அதில் தொங்கவிட்டால் அதிர்வில் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு சாண் தூரத்துக்குள் கேபிளுக்கு ஒரு கிளாம்ப் கொடுங்கள்.

பின்சக்கர வண்டிக்காரர்கள், அதாவது டிக்கியில் வைக்க நியாயமான காரணம் உள்ளவர்கள், கேபிளில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 4 மீட்டர் நீளத்தில் 200 ஆம்பியர் போனால், 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிளில் 0.4 வோல்ட் விழும். 16 ஸ்கொயர் எம்எம் கேபிளில் இரண்டு மடங்குக்கு மேல். ஆடியோ கடையில் விற்கிற தடியான கேபிள் பலது செம்பு பூசிய அலுமினியம், பார்க்கத்தான் தடி. அதற்குப் பதில் செம்பு வெல்டிங் கேபிள் 50 ஸ்கொயர் எம்எம் வாங்குங்கள், நன்றாக வளையும். தகரத்தைத் தாண்டுகிற இடமெல்லாம் கேபிள் அறுபடாமல் இருக்க குரோமெட் என்கிற ரப்பர் வளையம் போடுங்கள். எர்த்தை பெயின்ட் சுரண்டிய இடத்தில் கொடுங்கள்.

கடைசியாக, ஆபத்தில் கரண்டைத் துண்டித்து இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்ச். வண்டியின் பின்புறம் வெளியே இருந்து மார்ஷல் (பந்தயப் பாதுகாப்பு ஆள்) கைக்கு எட்ட வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் கரண்டிலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். கூடுதல் காண்டாக்ட் உள்ள சுவிட்ச்சாக வாங்கி இக்னிஷன் சப்ளையையும் அதன் வழியே எடுங்கள். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து சுவிட்ச்சைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நொடியே இன்ஜின் நிற்கவில்லை என்றால் வயரிங்கைப் பிரித்துத் திரும்பப் போடுங்கள். பழைய ஆசிட் பேட்டரியோடுதான் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும் சரி, இந்த ஒரு சோதனையை முடித்துவிட்டு செட்டிபாளையம் வாருங்கள்.