அபுதாபியைக் காட்டி இங்கே ஏறச் சொல்லாதீர்கள்

"அங்கே மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துல போறாங்க, நீ இந்தச் சின்ன டிராகன் ரயிலுக்குப் போய்ப் பயப்படுறியே." திருவிழா சீசன் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சொல்வது வேறு யாருமில்லை, நம்ம ஆட்கள்தான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கே பார்த்தாலும் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு மச்சானோ காக்காவோ (அண்ணனோ) குடும்பத்தில் இருக்கிறார். அவர் அபுதாபி ஃபெராரி வேர்ல்டு பூங்காவில் ஃபார்முலா ரோசா என்ற ரோலர் கோஸ்டரில் ஏறிவிட்டு வந்து கதை கதையாகச் சொல்கிறார், யூடியூப் வீடியோவையும் அனுப்பிவைக்கிறார். அதைப் பார்த்த பிறகு ஊர்ப் பொட்டலில் போட்டிருக்கிற ராட்டினமும் கொலம்பஸும் எல்லோருக்கும் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிகிறது. பூட்டு இருக்கிறதா, பெல்ட் இருக்கிறதா என்று கேட்டால் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்.

எனக்குப் பயம் கிடையாது. ரோலர் கோஸ்டர் என்றால் எனக்கு உயிர், எந்த நாட்டில் எது புதிதாக வருகிறது என்று தேடித்தேடிப் படிக்கிற ஆள் நான், அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. ஃபார்முலா ரோசா 2010-இல் திறந்தது. கிளம்பி ஐந்தே விநாடிக்குள் 240-ஐத் தொட்டுவிடும், பாலைவன மணல் கண்ணில் அடிக்கும் என்று கண்ணாடி மாட்டித்தான் உட்கார வைக்கிறார்கள். அதையும் மிஞ்சி சவுதியின் கித்தியாவில் ஃபால்கன்ஸ் ஃப்ளைட் கட்டியிருக்கிறார்கள், 195 மீட்டர் உயரம், 250 கிலோமீட்டர் வேகம். கேட்டாலே புல்லரிக்கிறது, சரி. ஆனால் அந்த வேகத்தில் ஒருவரை இருக்கையில் பிடித்து வைத்திருப்பது எது? மடிமேல் இறங்குகிற அந்தக் கம்பி. இப்போது வருகிற பெரிய கோஸ்டர்களில் ஒரு பூட்டு விட்டுப்போனாலும் இன்னொன்று பிடிக்கிற மாதிரி இரட்டையாக வைக்கிறார்கள், எல்லாக் கம்பியும் பூட்டிக்கொண்டதா என்று சென்சார் சொல்லாமல் வண்டி நகராது. வண்டி தடத்தைவிட்டு எழும்பாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் கீழ்ச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நியூ ஜெர்சியில் கிங்டா கா என்று ஒன்று இருந்தது. 139 மீட்டர், மூன்றரை விநாடியில் 206 கிலோமீட்டர் வேகம், 2005-இலிருந்து உலகத்திலேயே உயரம் அதுதான், 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்று படித்தபோது மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எதிர்க்காற்று பலமாக இருந்தால் சில நேரம் வண்டி உச்சியைத் தாண்டாது, ஏறிய வழியிலேயே பின்னோக்கி இறங்கி வரும். பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும், ஆனால் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தே கட்டியிருந்தார்கள், கீழே காந்த பிரேக் காத்திருக்கும். காந்தத்துக்கு நடுவில் உலோகத் தகடு வேகமாகப் போனாலே அதை இழுத்துப் பிடிக்கிற விசை தானாக உண்டாகும், அதற்குக் கரண்ட் வேண்டாம். ஊர் முழுக்க மின்சாரம் போனாலும் வண்டியின் வேகம் அடங்கிவிடும்.

இப்போது நம்ம பொட்டலுக்கு வாருங்கள். ஜெனரேட்டர் இருமினால் ராட்டினம் அந்தரத்தில் நிற்கிறது, உச்சியில் பெண்களும் பிள்ளைகளும் இருட்டில் கத்துகிறார்கள், கீழே இரண்டு பையன்கள் கம்பியைப் பிடித்துக் கையால் இழுக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் திருவிழா ஒன்றில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு டிராகன் ரயிலுக்குப் போனேன். அவளை உட்கார வைப்பதற்கு முன்னால் கம்பியை ஆட்டிப் பார்த்தால் அது பாட்டுக்கு மேலே வருகிறது. கம்பியைப் பூட்டுகிற இரும்புப் பின் போடும் ஓட்டையில் பின் இல்லை. அதற்குப் பதிலாக வலைக்குப் போடுகிற பச்சை நைலான் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள், அதுவும் வெயிலில் வெளுத்து நார்நாராகப் பிரிந்து கிடந்தது. "தம்பி, பின் எங்கே?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுண்ணே, மெதுவாத்தான் ஓட்டுவோம்" என்றான். அவனும் சின்னப் பையன், கூலிக்கு நிற்கிறவன், அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? காசு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். வரிசையில் நிற்கிறவர்களைக் கெடுக்காதே என்று என்னை விரட்டினார். நான் அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் அந்த இடத்திலேயே தன் பிள்ளையை ஏற்றினார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அதுவும் எந்த ஊரில்? மண்டபத்திலும் பாம்பனிலும் பைக் வாங்கி வருஷம் திரும்புவதற்குள் சைலன்சர் பொத்துப்போகிறது, ஜன்னல் கம்பி செதில் செதிலாக உதிர்கிறது. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நட்டு கழன்ற வள்ளத்தில் யாராவது பிள்ளையை ஏற்றிக் கடலுக்குப் போவோமா? மணல்தரையில் பலகையை முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஊர் ஊராகக் கழற்றிக் கழற்றி மாட்டி, துருமேல் பளபளவென்று பெயின்ட் அடித்த இரும்பில் மட்டும் எப்படி ஏற்றுகிறோம்?

உடனே, "ஃபாரின்ல மட்டும் விபத்து நடக்கலையா?" என்று வருவார்கள். நடந்திருக்கிறது, நான் மறைக்கவில்லை. இங்கிலாந்தில் தி ஸ்மைலர், 14 தடவை தலைகீழாகச் சுற்றி உலக சாதனை வைத்தது. 2015-இல் முன்னால் ஒரு காலி வண்டி நடுவில் நின்றுபோனதால் கம்ப்யூட்டர் பின்னால் வந்த வண்டியைச் சரியாக நிறுத்தியது. தடம் காலியாக இருக்கிறது என்று நினைத்த ஊழியர்கள் அந்தத் தடையை மீறி வண்டியை விட்டார்கள், இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போனது. இயந்திரம் சொன்னதை மனிதன் "ஒண்ணும் ஆகாது" என்று தள்ளிய இடம் அது. நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள். ஜப்பானில் 'ஸ்டீல் டிராகன் 2000' என்ற கோஸ்டரிலிருந்து ஒரு சக்கரம் கழன்று கீழே நீச்சல் குளத்தில் இருந்தவர்மேல் விழுந்தது, மூன்று வருஷம் மூடினார்கள். ஒஹாயோவில் டாப் த்ரில் டிராக்ஸ்டரிலிருந்து 2021-இல் ஓர் இரும்புத் துண்டு தெறித்து வரிசையில் நின்ற பெண்ணின் தலையில் பட்டது, வண்டியையே மாற்றிக் கட்டி 2024-இல் திறந்தார்கள், சில நாளில் சக்கரத்தில் குறை தெரிந்ததும் அந்த சீசன் முழுக்க மறுபடி மூடிவிட்டார்கள். ஜப்பானிலேயே டோ-டோடோன்பா என்ற இன்னொரு கோஸ்டரில் ஏறியவர்களுக்கு எலும்பு முறிகிறது என்று புகார் வந்து 2021-இல் நிறுத்தினார்கள், பிறகு ஒரேயடியாக மூடியாகிவிட்டது. இதெல்லாம் எத்தனையோ கோடி கொட்டிக் கட்டியவை. இங்கே ஒரு பெட்டி சாய்ந்தால் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் அடுத்த டிக்கெட் கிழிக்கிறார்கள்.

அந்தப் பூங்காக்களில் தினமும் காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள். கிங்டா கா ஓடிய காலத்தில் 137 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தால்கூட அதில் ஏற்றமாட்டார்கள், பிள்ளை அழுதாலும் சரி, அப்பா சண்டை போட்டாலும் சரி. நம்ம ஊரில் அளவுகோலே கிடையாது, மடியில் கைக்குழந்தையோடு கொலம்பஸில் ஏறுகிற தாயைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள்.

விழாக் கமிட்டிக்காரர்களே, பொட்டலை ஏலம் விட்டு ராட்டினக்காரரிடம் பணம் வாங்குகிறீர்கள் அல்லவா? அந்தப் பணத்தை எண்ணும் முன்னால் ஒரு வெல்டரையும் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பின்னையும் ஆட்டிப் பாருங்கள். ராட்டினத்துக்கு வாங்கிய பாதுகாப்புச் சான்றிதழை டிக்கெட் கவுன்டரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டச் சொல்லுங்கள், ஒரு குச்சியில் கோடு போட்டு உயரம் அளக்கச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிற அப்பா அம்மாக்களே, கம்பியை நீங்களே ஒருதரம் மேலே தூக்கிப் பாருங்கள். வந்துவிட்டால் பிள்ளையை இறக்குங்கள், சத்தம் போடுங்கள், காசைத் திருப்பிக் கேளுங்கள். பின்னால் நிற்கிறவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.